வாய் படாமல் ஊதியவர்கள்

நீங்கள் சேர்ந்த அன்றே கம்பெனி உங்கள் தோளில் ஒரு பையை மாட்டியிருக்கும். சின்னச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், சோதனை வாயு அடைத்த சிறு உருளை, வாயில் வைத்து ஊதுவதற்கான பிளாஸ்டிக் குழல்கள் பாக்கெட் பாக்கெட்டாக, தடித்த ஒரு கையேடு. அந்தப் பையை நான் போன சித்திரையில் இறக்கி வைத்தேன். விருப்ப ஓய்வு. வயதாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, கால்தான் வேறு ரோடு கேட்டது. ஆனாலும் இடது தோள் இன்னும் கொஞ்சம் சரிந்தே இருக்கிறது. பை போய்விட்டதை அது நம்ப மறுக்கிறது.

கையேட்டில் இருப்பதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அதை நீங்களே படித்துக்கொள்வீர்கள். வெயிலில், ஏதோ ஒரு கேட்டுக்கு முன்னால், பத்து இருபது பேர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அங்கே கையேடு பைக்குள்ளேயே கிடக்கும்.

குடித்திருக்கிறாரா என்று ஊதவைத்துப் பார்க்கும் மெஷின்தான் நம் தொழில், அதனால் முதலில் மூச்சு. குடித்தவரின் ரத்தம் நுரையீரலின் அடிவரை போய்த் திரும்புகிறது. அங்கே மயிரிழையைவிட மெல்லிய சுவர். இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் காற்று. ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் சுவர் தாண்டிக் காற்றில் ஏறிக்கொள்கிறது. அந்த அடிக்காற்று வெளியே வந்து நம் பெட்டிக்குள் இருக்கும் பிளாட்டினத் தகட்டில் படும்போது துளி மின்சாரம் பிறக்கிறது. ஆல்கஹால் கூடினால் மின்சாரம் கூடும். பெட்டி அதை எண்ணாக்கித் திரையில் காட்டும், அளவு மீறினால் கத்தும். அதன் வித்தை அவ்வளவுதான். ஊதியவரின் ஊர், பேர் அதற்குத் தெரியாது. நுழைந்த ஆல்கஹால் நெஞ்சின் அடியிலிருந்து வந்ததா, உதட்டிலிருந்து வந்ததா என்பதும் தெரியாது. அது தெரிய வேண்டியவர் நீங்கள்.

விருதுநகரில் ஒரு பஸ் டிப்போவில் பார்த்தேன். ஓட்டுநர் ஒருவர் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று ஊதுகிறார். மெஷின் திரும்பத் திரும்பப் போதாது என்கிறது. பக்கத்தில் நின்ற கண்ட்ரோலர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, நாதஸ்வரமா வாசிக்கே? உள்ள இருக்கதை விடு" என்றார். உள்ளே இருந்தது வந்தது. மெஷின் கத்தியது. "நேத்து சாயங்காலம் போட்டது சார், அது நேத்தோட போச்சு" என்று அவர் சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். விடிந்ததும் எலுமிச்சை பிழிந்து குடித்திருக்கிறார், தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஈரல் யாருடைய அவசரத்துக்கும் வேலை செய்யாது. அது தன் போக்கில்தான் கரைக்கும். அன்றைக்கு அவர் பஸ் எடுக்கவில்லை, டிப்போ பெஞ்சில் படுத்துத் தூங்கினார். அந்த வழக்கு எளிது, மெஷின் சொன்னதும் நடந்ததும் ஒன்றாக இருந்தன.

ஒன்றாக இல்லாத நாள் ஒன்று வரும். எனக்கு அது ஓர் ஆவணி மாதக் காலையில் வந்தது.

சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகும் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. கரிசல் காட்டுக்கு நடுவே வேம்பும், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல எட்ட எட்ட நிற்கும் சிறு அறைகளும். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். ஆலை முதலாளியிடமிருந்து போன். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"தம்பி, உங்க மெஷின் கெட்டுப்போச்சா, எங்க ஆளு கெட்டுப்போயிட்டானா, ரெண்டுல ஒண்ணு வந்து சொல்லுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருங்க."

வெயில் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பட்டாசு மருந்தைக் காலைக் குளிர்ச்சியிலேயே கலந்து முடித்துவிட வேண்டும். சூடு ஏறிய பிறகு அந்த அறைக்குள் யாரையும் அனுப்புவதில்லை. அன்று மாட்டிக்கொண்டவரோ மருந்து கலக்குகிறவர். பெயர் கருப்பசாமி. அவர் கை நின்றால் மற்ற அறைகளில் எல்லார் கையும் நிற்கும்.

நான் பைக்கை நிறுத்தியபோது கேட்டில் ஒரே கூட்டம். ஆண்கள் வரிசை கலைந்து நின்றார்கள். பெண்கள் வேம்படியில். கருப்பசாமி மதிற்சுவரை ஒட்டிக் குத்தவைத்திருந்தார், கண் இரண்டும் செக்கச் சிவந்து. யாரோடும் சேராமல், உள்ளேயும் போகாமல், கையில் தூக்குவாளியோடு ஒரு பெண் தனியாக நின்றாள். நான் போனையும் பாக்கெட்டில் இருந்ததையும் கேட் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கும்போதே வேம்படியிலிருந்து ஓர் அக்கா வந்து கதையைச் சொல்லிவிட்டார்.

"அந்தா நிக்கா பாருங்க, மாரி. அவன் பொஞ்சாதி, இங்கனதான் வேலை. இவன் குடி தாங்காம ஆனைக்குட்டத்துல ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. இவன் போயி வாசல்ல நின்னு, இனி தொடமாட்டேன்னு சொல்லிக் கூட்டியாந்தான். தொட்டேன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்னு சொல்லித்தான் அவளும் வந்தா. நல்லாத்தான் இருந்தாக. இன்னைக்கு இந்தக் கழுதை கத்திருச்சு."

கழுதை என்றது நம் மெஷினை.

வாட்ச்மேன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "நாலு தடவை ஊதச் சொல்லியாச்சு சார். நாலு தடவையும் கத்துது. இப்ப நீங்க வண்டிய நிறுத்துனீகள்ல, அப்பக்கூட ஊதுனான்."

"இதுக்கு முன்னால எப்பவாச்சும் கத்தியிருக்கா?"

"ஒருநாள் கிடையாது. எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் சைபர்தான்." அதில் அவருக்குப் பெருமை.

எனக்கு அந்தச் சைபர் உறுத்தியது. அத்தனை ஆண்கள். கோயில் கொடை முடிந்த மறுநாள் உண்டு, சம்பளத்துக்கு மறுநாள் உண்டு. ஒரு தடவைகூடக் கத்தாத மெஷின் என்றால் ஒன்று இது தேவலோகம், இல்லையென்றால் எங்கேயோ ஓட்டை.

இந்த இடத்தில் கை பரபரக்கும். மெஷினைத் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள். நான் வாட்ச்மேனிடம், "காலையில அவருக்கு என்ன செஞ்சீகளோ அதை அப்படியே எனக்குச் செய்யுங்க. நானும் உங்க ஆளுன்னு வச்சுக்கோங்க" என்றேன்.

அவர் குழலைக் கழற்றினார். மேசையடியிலிருந்து கை கழுவும் சானிடைசர் பாட்டிலை எடுத்தார். துணியில் தாராளமாக ஊற்றி, குழலை உள்ளும் புறமும் துடைத்து, இரண்டு உதறு உதறி, மறுபடி மாட்டி என்னிடம் நீட்டினார். "வாயை வைங்க சார். சுத்தமா இருக்கு."

ஊதினேன். கத்தியது.

கூட்டத்தின் தலையெல்லாம் என் பக்கம் திரும்பியது. பிறகு அதே அக்காவின் குரல்: "ஏ, மெஷின்காரரும்லா போட்டுட்டு வந்திருக்காரு."

சிரிப்பு மதிலைத் தாண்டிப் போனது. அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து மோந்து பார்ப்பதுபோல மூக்கைச் சுருக்கினார். "என்ன தம்பி, விருதுநகர்ல கடைய அம்புட்டுச் சீக்கிரமாவா தெறக்கான்?"

விஷயம் இதுதான். பாக்கெட்டில் வந்த குழல்கள் மெஷின் வந்த சில நாளிலேயே தீர்ந்துபோய்விட்டன. அதிலிருந்து எல்லோருக்கும் ஒரே குழல். முந்தின நாள் அண்ணாச்சி அதைக் கவனித்து, ஊர் எச்சிலையெல்லாம் ஒரே குழாயில் வைக்கச் சொல்கிறாயே, சுத்தம் பண்ணிக் கொடுக்க மாட்டாயா என்று வாட்ச்மேனைச் சத்தம் போட்டிருக்கிறார். அவர் சுத்தம் பண்ணினார். சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால்தான். மருந்து கலக்குகிறவர்தான் முதலில் உள்ளே போக வேண்டும் என்பதால் வரிசையில் முதல் ஆள் கருப்பசாமி. அவரிடம் கத்தியதும் வரிசை நின்றுவிட்டது. சந்தேகம் தீர மறுபடி ஊதச் சொன்ன ஒவ்வொரு தடவையும், நியாயஸ்தரான நம் வாட்ச்மேன், குழலைப் புதிதாகத் துடைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

"அப்ப மெஷின் தப்பு. எந்திரிலே கருப்பசாமி, உள்ள போ" என்றார் அண்ணாச்சி. ஆண்கள் வரிசை கலகலத்தது. எனக்கும் உள்ளூர இனிப்பாகத்தான் இருந்தது. வேலை முடிந்தது, கூட்டம் சிரிக்கிறது, ஒருவருடைய மானம் திரும்பி வந்துவிட்டது. பையின் ஜிப்பை இழுத்தால் சரி. இந்த இனிப்புக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

அப்போது மாரி பேசினாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "மெஷின் தப்புன்னா இவுக சரின்னு ஆயிருமா?"

நான் ஜிப்பிலிருந்து கையை எடுத்தேன். அவள் கேட்டது சரி. நான் ஒரு பொய்யைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். கருப்பசாமியைப் பற்றி அந்தக் கேட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிவந்த கண் தூக்கமில்லாத கண்ணாக இருக்கலாம், அழுத கண்ணாக இருக்கலாம், குடித்த கண்ணாகவும் இருக்கலாம். கெட்டுப்போன தராசில் நிறுத்ததை எடை இல்லை என்று சொல்லலாம். அதனால் பொருள் சரியான எடை என்று சொல்ல முடியுமா?

உறுத்திய சைபரும் இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, "நேத்து வரைக்கும் எப்படி ஊதுனீகளோ அப்படி ஊதிக் காட்டுங்க" என்றேன். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். குழலை உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து, தலையை லேசாக நிமிர்த்தி, தூரத்திலிருந்தே ஊதினார்.

நாம் தண்ணீர் குடிப்பது போல. சொம்பை உயர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற உதடுகள் நம்முடையவை. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பதா? பள்ளிக்கூடக் குழாயடியிலேயே பழகிவிட்ட கூச்சம் அது. ஒரே குழல் என்றானதும் ஆலை முழுக்கச் சொல்லிவைக்காமலே வாய் படாமல் ஊத ஆரம்பித்திருக்கிறது. பாதி மூச்சு வேப்ப இலைக்குப் போயிருக்கிறது. மெஷின் போதாது, மறுபடி ஊது என்று கேட்கும்போதெல்லாம் வாட்ச்மேன் மெஷினின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அழுத்தினால் வந்த மட்டும் போதுமென்று அது எடுத்துக்கொள்ளும். இத்தனை நாள் அவர் காட்டிய சைபரெல்லாம் வேம்படிக் காற்றின் சைபர்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "இன்னைக்குக் கத்துனதையும் நம்ப முடியாது. இத்தனை நாள் கத்தாம இருந்ததையும் நம்ப முடியாது."

"அப்ப எதைத்தான்யா நம்புறது?"

"கால் மணி நேரம் குடுங்க."

வாயில் ஒட்டிய ஆல்கஹால் கால் மணி நேரத்தில் காற்றோடு போய்விடும். ரத்தத்தில் கலந்தது போகாது. நம் தொழிலின் நுட்பமெல்லாம் கடைசியில் இந்தக் காத்திருப்புதான். தண்ணீர் கூடாது, வெற்றிலை கூடாது, டீ கூடாது. சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதைப்போல் அந்தக் கேட்டில் கஷ்டமானது வேறில்லை.

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். வெயில் மதிலின் தலையைத் தொட்டிருந்தது. "இப்ப விட்டா இன்னைக்கு மருந்து கலக்க முடியாது. நாளைக்கு லோடு நின்னுரும். தம்பி, நான் சொல்லுதேன், அவன் குடிக்கலை. எனக்குத் தெரியாதா?"

"நீங்க எங்கிட்ட சொல்றீக அண்ணாச்சி. மருந்துகிட்ட யாரு சொல்லுவா?"

அவர் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம்தான். ஆனால் உட்கார்ந்தார். அந்தத் தொழிலில் அத்தனை காலம் ஓட்டியவருக்கு நின்று கேட்க வேண்டியது எது என்று தெரியும்.

காத்திருந்த நேரத்தில் என் பையிலிருந்த புதுக் குழல்களைப் பிரித்தேன். ஆளுக்கு ஒன்று. உதட்டை இறுக மூடி, நெஞ்சு காலியாகும் வரை. வரிசை நகர்ந்தது. ஒருவர் மட்டும் தன் முறை வருமுன்னே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, காலையில இருந்தே வயிறு ஒரு மாதிரி…"

அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்லே. போ, மோரைக் குடிச்சிட்டுப் படு. நாளைக்கு நல்ல வயித்தோட வா."

பிறகு கருப்பசாமியின் முறை. புதுக் குழலை மாட்டி மெஷினை நீட்டினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஊதமாட்டேன்."

"கருப்பசாமி, இது புதுக் குழா…"

"நாலு தடவை ஊதிட்டேன் சார். நாலு தடவையும் இம்புட்டுப் பேரு முன்னால குடிகாரன்னு பேரு வாங்கியாச்சு. இன்னும் ஊதி யாருக்கு என்னத்தைக் காட்டணும்?" அவர் என்னிடம்தான் பேசினார். பேச்சு போய்ச் சேர்ந்தது வேறு இடத்துக்கு. "அவுக ஆத்தா வீட்டு வாசல்ல நின்னு சொன்னப்ப மெஷினா இருந்துச்சு? வாயாலதான சொன்னேன்."

விதி தெளிவானது. ஊத மறுத்தால் குடித்ததாகவே கணக்கு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு முடியும். அவர் வீடும் முடியும். கட்டாயப்படுத்தி ஊதவைத்தால் எண் கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது பேசாமல் நிற்கலாம் என்பதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அன்று அப்படி நின்றேன், மெஷினை நீட்டிய கையோடு, வெயில் பிடரியில் ஏற ஏற.

மாரி தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். நேராக வந்து என் கையிலிருந்து மெஷினை வாங்கினாள்.

"எப்படி ஊதணும்?"

"உதட்டை நல்லா மூடிக்கிட்டு. கடைசி மூச்சு வரைக்கும்."

ஊதினாள். கழுத்து நரம்பு தெரிய, தோள் குறுக, உள்ளிருந்த அத்தனையும் போகும்படி ஊதினாள். திரையில் சைபர் விழுந்தது. குழலைக் கழற்றவில்லை. அப்படியே கருப்பசாமியிடம் நீட்டினாள்.

"இந்தாங்க."

வேம்படிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பொஞ்சாதி வாய் வைத்த குழல், கேட்டு நிறைய ஆட்கள் முன்னால். வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டில் அவள் சாப்பிட்டிருப்பாள். எதிர்த்திசையில் அது நடப்பதில்லை, நடந்தாலும் வெளியே தெரிவதில்லை. என் பையில் இன்னும் புதுக் குழல்கள் இருந்தன. ஆளுக்கு ஒரு குழல் என்று கையேடு சொல்வது எனக்கு மனப்பாடம், கொஞ்சம் முன்னால் வரிசைக்கு நானே அதைச் சொல்லியிருந்தேன். ஆனாலும் கையைப் பைக்குள் விடவில்லை. அவள் மூச்சில் ஒன்றுமில்லை என்று மெஷின் அந்த நிமிடம்தான் சொல்லியிருந்தது. அதைவிட நம்பகமான குழல் என்னிடம் வேறு கிடையாது. இந்த ஒன்றை நீங்கள் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம். செய்ய வேண்டிய இடம் வந்தால் உங்களுக்கே தெரியும்.

கருப்பசாமி குழலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நீட்டிய கை இறங்கவில்லை. மெதுவாக எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். மெஷினை வாங்கி, குழலில் உதட்டைப் பதித்து, மூடி, ஊதினார்.

நீண்ட மூச்சு. மெஷின் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு டக்கென்றது. அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. என்னவெல்லாமோ நெஞ்சில் கிடந்திருக்கும் போல, எல்லாம் போகட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தார்.

தகடு யோசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தச் சில நொடிகளில் மெஷின்காரர் முகத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள். அதனால் நான் அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டேன். திரையை மாரிதான் பார்த்தாள்.

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். "வெயில் ஏறுது. மருந்து கலக்கப் போங்க" என்றாள்.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தபோது முழங்கால் இரண்டும் சடக்கென்றன. அதைத்தான் முதலில் கேட்டோம். அதற்கப்புறம் வேம்படி மொத்தமும் ஒரே இரைச்சல். "ஏ மாரி, இனிமே வீட்டுலயும் ஒரே டம்ளருதானா?" என்றார் அந்த அக்கா.

வாட்ச்மேன் பழக்கத்தில் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு குழலைக் கழற்ற வந்தார். கருப்பசாமி மெஷினைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதைத் துடைக்காதீக."

தானே கழற்றி மாரியிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, அவருக்கு முன்னால் கேட்டைக் கடந்து உள்ளே போனாள்.